டார்ட் பலகைக்கு இடப்பக்கம்

14, ஆஷ்லார் தெரு,
சால்ஃபோர்ட்.
வியாழன், 5 நவம்பர் 1987

அன்புள்ள நெவிலுக்கு,

ஜில்லும் டெஸ்ஸாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். கை அந்த வரியை எழுத மறுக்கிறது. வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

உனக்காக இந்த வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 'மார்ல் தெரு' தொடரில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று உனக்கு யாரும் சொல்லக் கூடாது. நாங்கள் இந்த வாரம் பார்ப்பது நீ இருக்கும் டனீடினுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வருகிறது. நீ போன முதல் வருடம் அம்மா தபால் அட்டையில் கறிக்கடை எரிந்துபோனதை எழுதிவிட்டாள். நீ கோபமாகப் பதில் போட்டாய். எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், ஊரைப் பார்ப்பதற்கு எனக்கு இங்கே இருப்பது அது ஒன்றுதான் என்று. அதோடு சரி. இந்தப் பத்து வருடத்தில் அந்தத் தெருவில் நான்கு கல்யாணம், ஒரு கொலை நடந்திருக்கின்றன, நீலப்பன்றி பப்பின் கூரை ஒருமுறை இடிந்திருக்கிறது. ஒரு சொல்லும் இங்கிருந்து கசியவில்லை. ஈரத் தரையைச் சுற்றிப் போகிறவர்களைப் போல நாங்கள் அதைச் சுற்றியே கடிதம் எழுதினோம்.

அந்தச் சட்டத்தை இன்று மீறுகிறேன். பப்பின் முதலாளி ஆக்னஸைப் பற்றியோ அவள் கணவனைப் பற்றியோ அல்ல. அவர்களை விட்டுவிடுகிறேன். அதே பப்பில், டார்ட் பலகைக்கு இடப்பக்கம், பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றி. தொடரில் அவளுக்குப் பெயர் இல்லை. வசனம் இல்லை. பின்னால் கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி. நமக்கு அவள் அம்மா.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நெவில்.

செவ்வாயன்று தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். வீட்டிலிருந்து பேச முடியாது. இந்த வீட்டில் ரகசியம் பேச முடியாது என்பது உனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினால் அம்மா காதைக் கூர்மையாக்குவதில்லை, உதட்டைப் பார்க்கிறாள். அங்கே புதன் காலை. நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, கிளம்பி வா என்றேன். நீ சிரித்தாய்.

"ஜூடித், நீ எதையும் பெருசு பண்ணுவ. போன வாரம்தானே டிவியில பார்த்தேன். கன்னமெல்லாம் உப்பிப்போய், எதிர்ல உட்கார்ந்திருக்கிற சிரில்கிட்ட கதை அடிச்சுக்கிட்டு இருந்தா. இறைச்சிப் பையை அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன், இந்நேரம் கருகியிருக்கும்னு சொன்னா. அம்மா நல்லாத்தான் இருக்கா."

என்னிடமிருந்த நாணயங்கள் தீர்ந்துபோயின.

மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அந்தப் பை எனக்கு நினைவிருக்கிறது. 1985, இலையுதிர் காலம். கருகித்தான் போயிருந்தது. மேலே இருந்ததைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

நீ பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய முகம். அது உனக்கும் தெரியும். ஆனால் கண் தேதி பார்ப்பதில்லை. உன் மேல் கோபமில்லை. உன் இடத்தில் இருந்தால், உன்னைப் போல அவள் உதட்டை எழுத்துப் போலப் படிக்கத் தெரிந்திருந்தால், நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

நடந்தது இது. பிப்ரவரியில் தொண்டை கரகரத்தது. ஜூனில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஜூலையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு நான்கு மாதமாகக் குரல் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள் பிங்கோவுக்குப் போயிருந்தாள், தேவாலயத்துக்குப் போயிருந்தாள், ஒருமுறை சளி பிடித்துப் படுத்திருந்தாள். எல்லாம் நான் சொன்னவை. அப்போதெல்லாம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொல்வதை நான் சத்தமில்லாமல் அவளுக்குத் திருப்பிச் சொல்வேன். டெஸ்ஸாவுக்குப் பல் விழுந்ததைச் சொன்னபோது தோள் குலுங்கச் சிரித்தாள். உனக்கு எதுவும் கேட்டிருக்காது.

இன்று தீமூட்டும் திருநாள், வெளியே பிள்ளைகள் வெடி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். காலி மனையில் பழைய சோபா ஒன்றை எரிக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பாகு மிட்டாய் கொடுத்தனுப்பினார்கள். அம்மா ஒரு துண்டை நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எடுத்துச் சாசரில் வைத்துவிட்டாள்.

நேற்று ஒன்று நடந்தது. அதை எழுத இன்று முடியவில்லை.


வெள்ளி

நூலகத்தில் மதியம் ஆள் இல்லை. இங்கேயே எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த டாக்ஸியில் அம்மா என்னிடம் வாக்கு வாங்கினாள். உன்னிடம் சொல்லக் கூடாது. ஏன் என்றேன். மெதுவாக, எனக்குப் புரிவதற்காக இரண்டு முறை சொன்னாள்.

"வந்து என்ன பண்ணப்போறான் கண்ணு? அவனுக்கு வேலை இருக்கு, பிள்ளை இருக்கு. வாராவாரம் என்னைப் பார்க்கிறான். இன்னும் ரெண்டு வருஷம் நான் அங்க உயிரோட இருப்பேன். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பிக்கொண்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் எதுவும் கேட்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் காலம் என்பதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண். அதில் எங்கும் இப்படி ஒருத்தி இல்லை. தன் மகனுக்கு இரண்டு வருட உயிரை ஒளித்துவைத்து அனுப்புகிறவள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தத் தொடரைக் கேலி செய்வேன். அவள் சண்டை போட மாட்டாள். படிச்சவங்க வேற சேனல் பாருங்க என்று சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டுவாள்.

செப்டம்பரில் அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள். கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப், அவ்வளவுதான். பின்னால் உட்காருகிறவர்கள் சத்தம் போடக் கூடாது. பப்பின் இரைச்சலை எல்லாம் பிறகுதான் சேர்க்கிறார்கள். ஆடுகிற டொமினோக் கட்டைகளின் அடியில்கூடக் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. மற்றவர்கள் சும்மா வாயை அசைப்பார்கள். அம்மா மட்டும் நிஜமாகவே பேசுவாள். நானூறு தறி ஓடும் ஆலைக் கூடத்தில் இருபது வருடம் நின்றவள். அங்கே குரலுக்கு வேலையில்லை, எல்லோருமே உதட்டாலும் முகத்தாலும் பேசினார்கள். குரல் போன பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ள இந்த லங்காஷயரில் மிச்சமிருப்பது அந்த ஸ்டுடியோ ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவள் இல்லாத வாரங்களுக்குப் பிறகு ஹல்லிலிருந்து ஒரு பெண்மணி ஸ்டுடியோவுக்கு எழுதியிருந்தாள். மூலையில் பழுப்புக் கோட்டுப் போட்ட அந்த அம்மாவை ஏன் காணோம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. பத்தொன்பது வருடத்தில் அம்மாவுக்கு வந்த முதல் ரசிகர் கடிதம். கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

நீ அந்த வெற்று வாரங்களை 1989இல் பார்ப்பாய். விடுமுறைக்கு எங்கோ போயிருக்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

நான்கு வாரம்தான் போக முடிந்தது. அக்டோபரில் நுரையீரல் என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு டாக்டர், கிறிஸ்துமஸ் என்றார். முன்பா பின்பா என்று கேட்டேன். மறுபடியும் கிறிஸ்துமஸ் என்றார்.

இனி, புதன்கிழமை நடந்தது.

ஏழரை மணி. அம்மா நாற்காலியில். நான் தரையில். சிரில் முக்காலியில். சிரிலை உனக்குத் தெரியும், அதாவது முகம் தெரியும். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து டொமினோ ஆடுகிற, பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் புதன்தோறும் வருகிறார். செட்டிலிருந்து அந்தக் கம்பளி ஒட்டிய கட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவைப் பார்த்து, ஒலிவ், உங்க முறை என்பார். சத்தமில்லாமல் ஆடுவார்கள். அம்மாதான் ஜெயிக்கிறாள். அவர் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை, அவருக்கு நிஜமாகவே ஆடத் தெரியாது.

அது அம்மா கடைசியாக நடித்த அத்தியாயம். ஆக்னஸும் இன்னொருத்தியும் கவுண்ட்டரில் சண்டை போடுகிறார்கள். (எதற்கு என்று சொல்ல மாட்டேன்.) அவர்களுக்குப் பின்னால், டார்ட் பலகைக்கு இடப்பக்கம், அம்மா. சிரில் ஒரு கட்டையை வைக்கிறார். அம்மா அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்புகிறாள். நேராக நம்மைப் பார்க்கிறாள்.

பின்னால் உட்காருகிறவர்கள் காமிராவைப் பார்க்கக் கூடாது. அதுதான் அங்கே முதல் விதி. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்த்தாள். பேசினாள். நான்கு விநாடி இருக்கும். முதல் சொல் உன் பெயர். அதை என்னால் படிக்க முடிந்தது. அதன் பிறகு ஏழெட்டுச் சொற்கள். பிறகு திரும்பிக்கொண்டு கட்டையை வைத்தாள். முன்னால் ஆக்னஸ் கத்திக்கொண்டே இருந்தாள்.

சிரில் அம்மாவைப் பார்த்தார். அம்மா தேநீரைப் பார்த்தாள்.

நான் எழுந்து அவள் முன்னால் மண்டியிட்டேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அது உனக்கில்ல கண்ணு. நம்ம நெவிலுக்கு."

"அவன் பார்க்க ரெண்டு வருஷம் ஆகும் அம்மா."

"அவசரமில்ல," என்றாள். பிறகு, "முன்னாடியே சொன்னா அவனுக்குப் பிடிக்காதுல்ல."

சிரிலை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அவருக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நேரம் அவள் தலையின் பின்பக்கம்தான் தெரிந்திருக்கிறது. மற்ற நாளில் அவள் சொல்வதில் பாதிக்கு மேல் தனக்குப் புரியும் என்றார். காட்சி எடுத்த அன்று படப்பிடிப்புத் தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவள் பென்னி என்ற சின்னப் பெண். காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். திரும்ப எடுத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தாளாம். அம்மாவைப் பார்த்தாளாம். சரி, அடுத்த காட்சி என்றாளாம். படத்தை வெட்டி ஒட்டும் அறையிலும் யாரோ ஒருவர் அதை அப்படியே விட்டிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியவே போவதில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு உதவியிருக்கிறார்கள். கெடுப்பது நான் மட்டும்தான்.


சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்றை மறைத்திருக்கிறேன்.

புதன்கிழமை அத்தியாயத்தை வீடியோவில் பதிவு செய்திருந்தேன். அம்மா மாடிக்குப் போன பிறகு அந்த நான்கு விநாடியை ஓட்டினேன். நிறுத்தி ஓட்டினேன். நிறுத்தினால் படம் நடுங்குகிறது, உதடு இரண்டாகத் தெரிகிறது. உன் பெயர். பிறகு 'எப்ப' அல்லது 'அப்ப'. பிறகு ஏதோ ஒன்று. பிறகு, 'வீடு' என்று நினைக்கிறேன். உறுதியில்லை.

எனக்குப் பாதிதான் வரும், நெவில். ஆலை மூடியபோது எனக்கு ஆறு வயது. நீ பதினைந்திலிருந்து நான்கு வருடம் அதே கூடத்தில் தறி ரிப்பேர் பார்த்தவன். சாப்பாட்டு மேஜை நினைவிருக்கிறதா? அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். நீயும் அம்மாவும் அவர் தலைக்கு மேலாகப் பேசுவீர்கள். திடீரென்று இருவரும் சிரிப்பீர்கள். என்ன என்ன என்று அப்பா கேட்பார். அவருக்குத் தெரியாமல் போனது உங்களுக்கு வேடிக்கை. எனக்கும் தெரியாமல் போனதை நீங்கள் கவனிக்கவில்லை. குற்றம் சொல்லவில்லை. நீங்கள் பேசியது என் தலைக்கும் மேலாகத்தான் போயிற்று, அவ்வளவுதான்.

இன்று காலை கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆனி ஹாக் வீட்டுக்குப் போனேன். அம்மாவோடு பக்கத்துத் தறியில் நின்றவள். இப்போதும் சந்தையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கோஸ் விலை கேட்பாள், சத்தமில்லாமல் உதட்டாலேயே யாரோ விலை சொல்வார்கள். அவள் ஒருமுறை பார்த்தால் போதும். நான்கு விநாடி.

கதவைத் தட்டினேன். திறந்தாள். என்ன செல்லம், அம்மா எப்படி இருக்கா என்றாள். என் கை பைக்குள் இருந்தது.

அம்மா சூப் கேட்டாள், பட்டாணி சூப் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன்.

ஆனி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். எழுதிக்கொண்டேன். வந்துவிட்டேன். சூப் வைத்தேன். அம்மா மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள்.

உனக்கு வந்த கடிதத்தை என்னால் இன்னொருத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியவில்லை.

எழுதிக் காட்டு என்று அம்மாவிடம் சிலேட்டைக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். எழுதினால் வேறு யாரோ பேசுவது போல இருக்கிறதாம். உனக்குப் போகும் தபால் அட்டைகளை யோசித்துப் பார். அனைவரும் நலம். மழை. சிரில் தோற்றார். அதுவா அம்மா? அவள் பேசுவது முழுக்க அவள் முகத்தில்தான் இருக்கிறது. இப்போது அந்த முகமும் இளைத்துவிட்டது. தாடை இறுகிப்போய், சொற்கள் சின்னதாகிவிட்டன. தண்ணீர், ஜன்னல், வலி, இவை எனக்குப் புரிகின்றன. மதிய நேரத்தில் சில சமயம் நீளமாகப் பேச ஆரம்பிக்கிறாள். உன் சின்ன வயது, அல்லது அவளுடைய சின்ன வயது. முகம் மலர்ந்துவிடும். நான் தலையாட்டுகிறேன். பாதியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, எனக்குப் புரியவில்லை என்று. நிறுத்திக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுக்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள், நெவில்.

உனக்கு அது முழுவதும் புரியும்.

அதனால்தான் எழுதுகிறேன். இறைச்சிப் பையைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவள் திரையிலிருந்து பேசியதைப் பத்து வருடமாக நீ படித்தாய். ஒன்றுக்கும் நீ பதில் சொல்ல முடிந்ததில்லை. அது உங்கள் இருவருக்கும் விளையாட்டாக இருந்தது. இந்த நான்கு விநாடிக்கும் பதில் சொல்ல முடியாமல் உன்னை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. 1989 நவம்பர். நீ சோபாவில் இருப்பாய். டெஸ்ஸா பக்கத்தில் இருப்பாள். ஆக்னஸ் கத்துவாள். அம்மா திரும்பி உன் பெயரைச் சொல்லுவாள். நீ அந்த அறையில் என்ன செய்வாய்?


ஞாயிறு, 8 நவம்பர்

நாளை காலை இதைத் தபாலில் போடுகிறேன். உனக்குக் கிடைக்கப் பதினைந்து, பதினாறு தேதி ஆகிவிடும்.

மறுபடி ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ஃபோனில் நீ அவளைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி மறுபடியும் சிரிப்பாய். அதனால் இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சிரில் தன் காமிராவில் நேற்று எடுத்தார். தேதியைப் பின்பக்கம் எழுதுவதுதான் வழக்கம். நான் முன்பக்கமே, அவள் காலடியில், பேனாவால் எழுதியிருக்கிறேன். முதலில் தேதியைப் பார். பிறகு முகத்தைப் பார். உட்கார்ந்துகொண்டு பார்.

ஜில்லிடம் சொல். அவளும் வரலாம் என்றால் வரட்டும். டெஸ்ஸாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா குழந்தைகளுக்கு முன்னால் எப்போதும் நன்றாக முகம் காட்டுவாள். பின்னறைக் கட்டிலை ஒழித்து வைத்திருக்கிறேன். விமான நிலையத்துக்கு நான் வர முடியாது, அவளை அவ்வளவு நேரம் தனியே விடுவதில்லை. சிரில் வருவார். நீ அவரைத் தேட வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் பேசினால் திடுக்கிடுவாய். அவர் குரல் அந்த முகத்துக்குப் பொருந்தாது, ரொம்பக் கீச்சுக் குரல். பப்பில் இப்போது அவர் எதிரே ஒரு காலி நாற்காலி இருக்கிறது. வேறு ஆளை உட்காரவைக்கப் போனார்களாம். இவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதையும் நீ இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பாய். அதுவும் முன்கூட்டிச் சொன்ன கணக்கில் சேரும். போகட்டும்.

என் மேல் அம்மா கோபப்படுவாள் என்று பயந்துகொண்டே இதை எழுதினேன். இன்று மதியம் பிடித்துவிட்டாள். நான் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். நாற்காலிக் கையைத் தட்டினாள். யாருக்கு என்றாள். நூலகத்துக்கு என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யும் அங்கேதான் தெரியுமோ என்னவோ. நெவிலுக்கு, அம்மா என்றேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுப்பில் கெட்டில் கொதித்து அடங்கிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இந்தக் காகிதங்களைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிழித்தால் அவளுடைய இரண்டு வருடம் உனக்கு அப்படியே கிடைக்கும். அவள் கேட்டது அதைத்தான்.

பிறகு திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். முகம் முழுவதையும் பெரிதாக்கிக்கொண்டாள், கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் ஒருவருக்குச் சொல்வது போல. மெதுவாக. என்னைப் போன்ற அரைகுறைக்கும் தப்பாமல் புரியும்படி.

"பின்கதவைத் தாழ் போடாத."

அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நீ இரவு ஷிஃப்ட் பார்த்த நாட்களில் அவள் அப்பாவிடம் வாய்விட்டு அதைச் சொல்வது எனக்கு நினைவிருக்கிறது. அவள் உதட்டில் நான் முதன்முதலாகப் படித்த வாக்கியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நம்ம நெவில் வரணும், தாழ் போடாதீங்க.

நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். துருப்பிடித்திருந்தது. எண்ணெய் போட்டேன்.

ஆக்னஸின் கணவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, பார். அந்த ஒன்றையாவது காப்பாற்றியிருக்கிறேன். மற்றதை அவள் எதிரே உட்கார்ந்து, அவள் வாயாலேயே தெரிந்துகொள்.

எனக்கு நீ எதுவும் திருப்பிச் சொல்ல வேண்டாம். அவள் பேசும்போது நீ சிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பத்திரமாக வந்து சேர். கதவு திறந்தே இருக்கும்.

உன் தங்கை,
ஜூடித்